ஒரு புள்ளியும் படித்திறனும் தந்தால் நேர்கோட்டின் சமன்பாட்டை எழுதுவது எப்படி? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இணுவிலில் பின்னேர வகுப்பில் கணிதம் கற்பிக்கிறேன். நேர்கோட்டுச் சமன்பாடு தொடங்கும் கிழமைகளில், வகுப்பு முடிந்த பிறகும் பிள்ளைகள் கொப்பியும் கையுமாக மேசையைச் சுற்றி நிற்பார்கள். ஆண்டுதோறும் முகங்கள் மாறுகின்றன, கேள்விகள் மாறுவதில்லை. அவற்றையும் நான் சொல்லும் பதில்களையும் இங்கே எழுதி வைக்கிறேன். வகுப்புக்கு வர முடியாத பிள்ளைகளுக்கும் உதவட்டும்.

ஒரு குறிப்பு. பாடநூலில் ஆங்கில எழுத்துகளாக வரும் எக்ஸ், வை, எம், சி ஆகியவற்றை இங்கே வாயால் சொல்வது போலவே எழுதுகிறேன். கரும்பலகைக்கு முன்னால் இருந்து கேட்பதாக நினைத்து வாசியுங்கள். எக்ஸ் கிடையாகப் போகும் அளவு, வை மேலே போகும் அளவு, எம் படித்திறன், சி வெட்டுத்துண்டு (எக்ஸ் 0 ஆக இருக்கும்போது வை இன் பெறுமானம்).

படித்திறன் என்றால் என்ன, சேர்?

எக்ஸ் ஒன்றால் கூடும்போது வை எவ்வளவு கூடுகிறதோ அதுதான் படித்திறன். படித்திறன் 2 என்றால், வரைபுத்தாளில் வலப்பக்கம் ஒரு கட்டம் போனால் மேலே இரண்டு கட்டம் ஏற வேண்டும். படித்திறன் சய 3 (−3) என்றால், ஒரு கட்டம் வலப்பக்கம் போக மூன்று கட்டம் கீழே இறங்க வேண்டும். கோட்டின் மேல் எந்த இரண்டு புள்ளிகளை எடுத்தாலும்,

படித்திறன் = வை மாறிய அளவு ÷ எக்ஸ் மாறிய அளவு

என்பது ஒரே எண்ணாகவே வரும். அப்படி வருவதால்தான் அது நேர்கோடு. வளைகோட்டில் இந்த எண் இடத்துக்கு இடம் மாறும். கீழே வரும் எல்லாமே இந்த ஒரு வரியிலிருந்து பிறப்பவைதான். ஆகவே இது விளங்காமல் அடுத்த கேள்விக்குப் போக வேண்டாம்.

ஒரே ஒரு புள்ளியை வைத்துக்கொண்டு முழுக் கோட்டையும் எப்படிச் சொல்ல முடியும்?

புள்ளி மட்டும் இருந்தால் முடியாது. படித்திறன் மட்டும் இருந்தாலும் முடியாது. இரண்டும் சேர்ந்தால் முடியும்.

எங்கள் அம்மம்மா வீட்டு வளவில் துலாக் கிணறு இருந்தது. கவர் விட்ட பூவரச மரம்தான் துலாவைத் தாங்கும் ஆடுகால். அந்தக் கவருக்கு இடையில் ஒரு குறுக்குத்தடி, அதன் மேல் நீளமான துலா. ஆடுகாலில் துலா பொருந்தியிருக்கும் இடம் அசையாது. வாளி கிணற்றுக்குள் இறங்கும்போது துலாவின் கிணற்றுப்பக்க நுனி தாழும், தண்ணீரோடு ஏறும்போது உயரும். துலா எத்தனை விதமாகச் சாய்ந்தாலும் அந்த ஒரு இடத்தின் வழியேதான் போயாக வேண்டும்.

ஆடுகாலில் துலா பொருந்தும் அந்த இடம்தான் தரப்பட்ட புள்ளி. அந்த ஒரு புள்ளி வழியே எண்ணற்ற கோடுகள் போகலாம். ஓடிக்கொண்டிருக்கும் துலாவை ஒரு கணத்தில் பிடித்து நிறுத்தினால் அதற்கு ஒரு சாய்வு இருக்கும். அந்தச் சாய்வே படித்திறன். அதைச் சொன்னதும் எண்ணற்ற கோடுகளில் ஒன்றே ஒன்றுதான் மிஞ்சும். மறுபக்கம், சாய்வை மட்டும் சொல்லி ஆடுகால் எங்கே என்று சொல்லாவிட்டால், அதே சாய்வுள்ள சமாந்தரக் கோடுகள் தாள் முழுவதும் நிறைந்திருக்கும்.

இன்று பெரும்பாலான வீடுகளில் மோட்டர்தான். துலாவைக் காணாத பிள்ளைகளுக்கு நான் அடிமட்டத்தின் நடுவில் பென்சில் நுனியை அழுத்திப் பிடித்துச் சுழற்றிக் காட்டுவேன்.

சூத்திரத்தைப் பாடமாக்க வேண்டுமா?

வேண்டாம் என்பதே என் உறுதியான கருத்து. அதை ஒரு தரம் உங்கள் கையால் உருவாக்கிப் பாருங்கள், பிறகு மறக்காது.

கோடு (3, 5) என்ற புள்ளியினூடாகச் செல்கிறது, படித்திறன் 2 என்று வைத்துக்கொள்வோம். கோட்டின் மேல் வேறு ஏதாவது ஒரு புள்ளியை எடுத்து அதற்கு (எக்ஸ், வை) என்று பெயரிடுங்கள். முதற் புள்ளியிலிருந்து அந்தப் புள்ளிக்குப் போக, வை மாறிய அளவு வை − 5. எக்ஸ் மாறிய அளவு எக்ஸ் − 3. ஒன்றை மற்றதால் வகுத்தால் படித்திறன் வர வேண்டும்:

(வை − 5) ÷ (எக்ஸ் − 3) = 2

இரு பக்கத்தையும் (எக்ஸ் − 3) ஆல் பெருக்குங்கள்:

வை − 5 = 2(எக்ஸ் − 3)

இவ்வளவுதான். படித்திறன் என்ற சொல்லின் பொருளை ஒரு தரம் பெருக்கி எழுதியிருக்கிறோம், புதிதாக எதுவும் நுழையவில்லை.

கூர்மையான ஒரு மாணவி இந்த இடத்தில் என்னை நிறுத்தினாள். "சேர், முதல் வரியில் எக்ஸுக்கு 3, வைக்கு 5 போட்டால் சைபரைச் சைபரால் வகுக்க வேண்டி வருகிறதே?" என்று கேட்டாள். மிகச் சரியான கேள்வி. வகுத்து எழுதிய வடிவத்தில் (3, 5) என்ற புள்ளியே விடுபட்டுப் போகிறது, ஆடுகால் இல்லாத துலாவைப் போல. பெருக்கி எழுதிய வடிவத்தில் 0 = 2 × 0 என்று அந்தப் புள்ளியும் ஒழுங்காக அடங்குகிறது. பெருக்கிய வடிவத்தை நாம் வைத்துக்கொள்வதற்கு அழகு மட்டும் காரணமில்லை.

முழுமையாக ஒரு கணக்கைச் செய்து காட்டுங்கள்.

(−2, 7) என்ற புள்ளியினூடாகச் செல்லும், படித்திறன் −3 ஆக உள்ள நேர்கோட்டின் சமன்பாடு என்ன?

முதலில் எண் எதையும் போடாமல் அடைப்புகளை மட்டும் எழுதுங்கள்:

வை − ( ) = ( ) (எக்ஸ் − ( ))

இப்போது ஒவ்வோர் அடைப்புக்குள்ளும் உரிய எண்ணை அதன் குறியோடு வையுங்கள்:

வை − (7) = (−3) (எக்ஸ் − (−2))

சய சய சேர்ந்து சக (+) ஆகும்:

வை − 7 = −3(எக்ஸ் + 2)

வினா இந்த வடிவத்தோடு நிற்கச் சொன்னால் நில்லுங்கள். வை ஐ எழுவாயாக்கச் சொன்னால் விரியுங்கள்:

வை − 7 = −3எக்ஸ் − 6
வை = −3எக்ஸ் + 1

சரி பார்க்கலாம். எக்ஸ் = −2 என்று பிரதியிட்டால் வலப்பக்கம் 6 + 1, அதாவது 7. கோடு தரப்பட்ட புள்ளி வழியே போகிறது. எக்ஸின் குணகம் −3, அதுவும் தரப்பட்ட படித்திறன். இந்த இரண்டும் பொருந்தினால் விடை சரிதான், வேறு யாரிடமும் காட்டிக் கேட்கத் தேவையில்லை. இருபது வினாடி வேலை. பரீட்சை மண்டபத்தில் அந்த இருபது வினாடியைச் செலவிடாமல் புள்ளிகளை இழந்த பிள்ளைகளைப் பார்த்து மனம் வருந்தியிருக்கிறேன்.

எங்கே அதிகம் பிழை விடுகிறோம்?

மூன்று இடங்களில். முதலாவது, மறை ஆள்கூறு, அதாவது புள்ளியில் சய குறியோடு வரும் எண். புள்ளி (−2, 7) என்று இருக்க, எக்ஸ் − 2 என்று எழுதிவிடுவார்கள். கண் அந்தச் சய குறியை ஏற்கனவே சூத்திரத்தில் உள்ள சய என்று எண்ணிக்கொள்கிறது. வெற்று அடைப்புகளை முதலில் எழுதச் சொல்வது இதற்காகத்தான். ஒரு பிள்ளை மூன்று மாதம் அடைப்புகளைச் சிவப்புப் பேனாவால் எழுதினாள். பிறகு சிவப்புப் பேனா தேவைப்படவில்லை.

இரண்டாவது, −3(எக்ஸ் + 2) என்பதை −3எக்ஸ் + 2 என்று விரிப்பது. வெளியே நிற்கும் எண் அடைப்புக்குள் இருக்கும் எல்லோரையும் பெருக்க வேண்டும், வாசலில் நிற்பவரை மட்டுமல்ல.

மூன்றாவது, புள்ளியின் இரண்டு எண்களையும் இடம் மாற்றிப் போடுவது. (3, 5) இல் முதலில் வருவது எக்ஸ். ஆனால் நாம் எழுதும் சமன்பாட்டில் முதலில் வருவது வை. அதனால் கை தானாகவே 3 ஐ வை பக்கத்தில் போட்டுவிடும். புள்ளியை எழுதியவுடன் எண்களுக்கு மேலே எக்ஸ், வை என்று சிறிதாகக் குறித்துவிடுங்கள்.

எங்களுக்கு ஏற்கனவே வை = எம் எக்ஸ் + சி படிப்பித்துவிட்டார்கள். அதையே பயன்படுத்தக் கூடாதா?

தாராளமாகப் பயன்படுத்தலாம். மேலேயுள்ள கணக்கில் வை = −3எக்ஸ் + சி என்று தொடங்கி, புள்ளியைப் பிரதியிட்டால் 7 = 6 + சி. ஆகவே சி = 1. அதே விடை.

தெரிவைக் கேட்டால், நான் புள்ளி வடிவத்தையே முதலில் எடுப்பேன். தரப்பட்ட இரண்டு தகவலையும் நேரே எழுதிவிடலாம், நடுவில் சி என்ற இன்னொரு தெரியாக் கணியத்தைத் தேடிப்போக வேண்டியதில்லை. சி ஒரு சிக்கலான பின்னமாக வரும் கணக்குகளில் இந்த வேறுபாடு நன்றாகத் தெரியும். உயர்தரத்தில் இணைந்த கணிதம் எடுக்கப்போகிறவர்கள் இந்த வடிவத்தை இப்போதே கைப்பழக்கமாக்கிக்கொள்ளுங்கள். வட்டத்துக்கும் வளைகோட்டுக்கும் தொடுகோடு எழுதும்போது கையில் இருப்பது பெரும்பாலும் ஒரு புள்ளியும் ஒரு படித்திறனும்தான்.

என் விடை வேறு, நண்பனின் விடை வேறு. இரண்டையும் சரி என்கிறீர்களே?

நீ எழுதியது வை − 7 = −3(எக்ஸ் + 2). அவன் எழுதியது வை + 2 = −3(எக்ஸ் − 1). அவன் அதே கோட்டின் மேலுள்ள (1, −2) என்ற புள்ளியை எடுத்திருக்கிறான். இரண்டையும் விரித்தால் வை = −3எக்ஸ் + 1 தான் வரும். ஒரு கோட்டில் எண்ணற்ற புள்ளிகள் இருப்பதால் இந்த வடிவத்தில் எண்ணற்ற விதமாக அதை எழுதலாம். ஐயம் வந்தால் இரண்டையும் விரித்துப் பாருங்கள்.

படித்திறன் பின்னமாக வந்தால் பயமாக இருக்கிறது.

பின்னத்தைத் தசமமாக்க வேண்டாம். 2/3 ஐ 0.67 என்று மாற்றிய உடனேயே கோடு கொஞ்சம் திரும்பிவிடுகிறது. (4, −1) என்ற புள்ளி, படித்திறன் 2/3 என்றால்:

வை + 1 = (2/3)(எக்ஸ் − 4)

இரு பக்கத்தையும் 3 ஆல் பெருக்கினால் 3வை + 3 = 2எக்ஸ் − 8. ஒழுங்குபடுத்தினால் 2எக்ஸ் − 3வை − 11 = 0. பின்னம் போய்விட்டது.

வரைவதற்கோ பின்னம்தான் வசதி. (4, −1) இல் பென்சிலை வையுங்கள். கீழே உள்ள எண் 3, வலப்பக்கம் மூன்று கட்டம். மேலே உள்ள எண் 2, மேலே இரண்டு கட்டம். (7, 1) இல் வந்து நிற்பீர்கள். இரண்டு புள்ளியையும் அடிமட்டத்தால் இணையுங்கள், அட்டவணை போடத் தேவையில்லை.

இரண்டு புள்ளிகள் தந்து படித்திறனைத் தராவிட்டால்?

முதலில் படித்திறனைக் கண்டுபிடியுங்கள், பிறகு விரும்பிய ஒரு புள்ளியை எடுத்து எழுதுங்கள். வீட்டிலிருந்தே ஒரு கணக்கு.

கிணற்றடி மோட்டரைப் போட்டுத் தொட்டிக்குத் தண்ணீர் ஏற்றுகிறீர்கள். போட்டு 10 நிமிடத்தில் தொட்டியில் நீர்மட்டம் 35 சென்ரிமீற்றர். 25 நிமிடத்தில் 65 சென்ரிமீற்றர். எக்ஸ் என்பது நிமிடம், வை என்பது நீர்மட்டம் என்று கொண்டால் புள்ளிகள் (10, 35), (25, 65). படித்திறன் 30 ÷ 15, அதாவது 2. நிமிடத்துக்கு இரண்டு சென்ரிமீற்றர் ஏறுகிறது.

வை − 35 = 2(எக்ஸ் − 10)
வை = 2எக்ஸ் + 15

இந்த 15 எங்கிருந்து வந்தது என்று பிள்ளைகளிடம் கேட்பேன். சிலர் விழிப்பார்கள், ஒருவர் பட்டென்று சொல்லுவார்: மோட்டரைப் போட முன்பே தொட்டியில் இருந்த தண்ணீர்! வெட்டுத்துண்டு என்ற சொல்லுக்கு உயிர் வருவது அந்தக் கணத்தில்தான். தொட்டியின் உயரம் 120 சென்ரிமீற்றர் என்றால், 120 = 2எக்ஸ் + 15 என்பதைத் தீர்த்து, 52.5 நிமிடத்தில் மோட்டரை நிறுத்த வேண்டும் என்று முன்கூட்டியே சொல்லிவிடலாம்.

தொட்டியின் அகலம் மேலும் கீழும் ஒன்றாகவும், மோட்டர் தரும் நீர் சீராகவும் இருக்கும் வரைக்குமே இந்தக் கோடு செல்லும். கிணற்றில் நீர்மட்டம் வெகுவாகத் தாழ்ந்துவிட்டால் மோட்டர் திணறும், கோடு வளையத் தொடங்கும். ஆண்டு முழுவதும் ஓடும் ஆறு இல்லாத எங்கள் யாழ்ப்பாணக் குடாநாட்டில் சுண்ணாம்புக்கல்லுக்குள் தேங்கும் மழைநீரே கிணற்று நீர். நன்னீருக்குக் கீழே உவர்நீர் இருக்கிறது. நிலாவரைக் கிணற்றிலும் மேலே நன்னீர், ஆழத்தில் உவர்நீர்தான். அளவுக்கு மீறி இறைத்தால் உவர் மேலே வரும். தொட்டி நிறைந்த பிறகும் மோட்டர் ஓடிக்கொண்டிருக்கும் வீட்டுப் பிள்ளைகள் இந்தக் கணக்கைப் பெற்றோருக்கும் சொல்லுங்கள்.

"இந்தக் கோட்டுக்குச் சமாந்தரமான", "செங்குத்தான" என்று வந்தால்?

படித்திறனை மறைத்துக் கேட்கிறார்கள், அவ்வளவே. சமாந்தரம் என்றால் அதே படித்திறன். (1, 4) வழியே, வை = 2எக்ஸ் + 15 என்ற கோட்டுக்குச் சமாந்தரமாகப் போகும் கோடு வை − 4 = 2(எக்ஸ் − 1), சுருக்கினால் வை = 2எக்ஸ் + 2.

செங்குத்து என்றால் படித்திறனைத் தலைகீழாக்கிக் குறியை மாற்ற வேண்டும். ஏன் என்று வரைபுத்தாளில் பாருங்கள். உற்பத்தியிலிருந்து, அதாவது (0, 0) என்ற புள்ளியிலிருந்து, வலப்பக்கம் 1, மேலே 2 போய் (1, 2) இல் ஒரு புள்ளி வையுங்கள். அந்தக் கோட்டை இடஞ்சுழியாகக் கால்வட்டம் திருப்புங்கள். வலப்பக்கம் போன 1 இப்போது மேலே போகிறது. மேலே போன 2 இடப்பக்கம் போகிறது. புள்ளி (−2, 1) க்கு வந்துவிட்டது. படித்திறன் 1 ÷ (−2). 2 ஆக இருந்தது −1/2 ஆனது. தாளைக் கையால் திருப்பிப் பார்த்த பிள்ளை இந்த விதியை மறந்ததை நான் கண்டதில்லை.

ஆகவே (1, 4) வழியே அதே கோட்டுக்குச் செங்குத்தானது வை − 4 = −(1/2)(எக்ஸ் − 1). இரண்டால் பெருக்கி ஒழுங்குபடுத்தினால் எக்ஸ் + 2வை = 9.

படித்திறனே இல்லாத கோடு உண்டா?

உண்டு. நிலைக்குத்தாக நிற்கும் கோட்டில் எக்ஸ் மாறுவதே இல்லை, சைபரால் வகுக்க முடியாது. (3, 5) வழியே போகும் நிலைக்குத்துக் கோடு எக்ஸ் = 3. நிமிர்ந்து நிற்கும் ஆடுகாலும் அப்படித்தான். கிடைக்கோட்டுக்குப் படித்திறன் 0. (3, 5) வழியே அது வை = 5. "படித்திறன் 0", "படித்திறன் இல்லை" இரண்டும் ஒன்றல்ல.

இணையத்தில் தமிழ்நாட்டுக் காணொளிகளைப் பார்த்தால் சொற்கள் புரியவில்லை.

கணிதம் ஒன்றுதான், பெயர்தான் வேறு. நாங்கள் படித்திறன் என்பதை அவர்கள் சாய்வு என்கிறார்கள். எங்கள் ஆள்கூறு அவர்களுக்கு ஆயத்தொலைவு. எங்கள் உற்பத்தி அவர்களுக்கு ஆதிப்புள்ளி. சமாந்தரக் கோடு அங்கே இணைகோடு, அட்சரகணிதம் அங்கே இயற்கணிதம். நல்ல விளக்கம் எந்தக் கரையிலிருந்து வந்தாலும் கேளுங்கள். விடைத்தாளில் மட்டும் உங்கள் பாடநூலின் சொல்லை எழுதுங்கள்.

கோட்டைச் சமன்பாடாக எழுதலாம் என்று முதலில் நினைத்தவர் யார்?

பிரான்ஸ் நாட்டவரான ரெனே டேக்கார்ட் 1637 இல் வெளியிட்ட கேத்திரகணித நூலில் இந்த வழியைக் காட்டினார். தெரியாக் கணியங்களுக்கு எக்ஸ், வை, இசட் என்று எழுதும் வழக்கமும் அங்கிருந்து வந்தது. அவருடைய காலத்திலேயே பியர் டி ஃபெர்மாவும் தனியாக அதே எண்ணத்துக்கு வந்திருந்தார்.

கணக்குக்கு வெளியே இது எங்கே பயன்படுகிறது?

காய்ச்சல் பார்க்கும் வெப்பமானியில். தண்ணீர் கொதிப்பது 100 பாகை செல்சியஸில், பரனைற்றில் அது 212. செல்சியஸ் ஒன்று கூடினால் பரனைற் 9/5 கூடும். ஒரு புள்ளி, ஒரு படித்திறன்:

வை − 212 = (9/5)(எக்ஸ் − 100)

விரித்தால் வை = (9/5)எக்ஸ் + 32. அந்த 32, நீர் உறையும் வெப்பநிலை. எக்ஸ் = 37 என்று போடுங்கள், 98.6 வரும். பாட்டி "தொண்ணூற்றெட்டு தசம் ஆறு" என்பதும், மருந்துக்கடை வெப்பமானி 37 என்பதும் ஒரே கோட்டின் மேலுள்ள ஒரே புள்ளிதான்.

நான் கணிதம் அதிகம் படிக்காத அம்மா. மகனுக்கு எப்படி உதவுவது?

அம்மா, உங்களால் நிச்சயம் உதவ முடியும். அவன் விடை எழுதியதும் இரண்டே கேள்வி கேளுங்கள்: "தந்த புள்ளியைப் போட்டுப் பார்த்தாயா? எக்ஸுக்கு முன்னால் நிற்கும் எண் தந்த படித்திறன்தானா?" இரண்டாவது கேள்வி, வை தனியாக நிற்கும்படி எழுதிய விடைக்கு. இரண்டையும் அவன் உங்களுக்கு வாய்விட்டுச் சொல்ல வேண்டும். சொல்லும்போதே பிழை அவன் காதில் விழும்.

செய்து பார்க்கச் சில கணக்குகள் தருவீர்களா?

மூன்று. (அ) புள்ளி (5, −4), படித்திறன் 2. (ஆ) புள்ளி (−6, 1), படித்திறன் −1/2. (இ) பருத்தித்துறையிலிருந்து யாழ்ப்பாணம் வரும் பஸ் புறப்பட்டு 10 நிமிடத்தில், போக வேண்டிய தூரம் 28 கிலோமீற்றர். நிமிடத்துக்கு அரைக் கிலோமீற்றர் வீதம் அது குறைகிறது என்று வைத்துக்கொண்டு, மீதித் தூரத்துக்குச் சமன்பாடு எழுதுக. பஸ் எத்தனை நிமிடத்தில் வந்து சேரும்?

விடைகள்: (அ) வை = 2எக்ஸ் − 14. (ஆ) வை = −(1/2)எக்ஸ் − 2. (இ) வை = −(1/2)எக்ஸ் + 33, வந்து சேர 66 நிமிடம். மூன்றாவதில் 33 எதைச் சொல்கிறது என்பதை ஒரு வசனத்தில் எழுதி, வகுப்புக்கு வரும்போது கொண்டு வாருங்கள்.